துணைநின்ற பெருங்கலை: டி. எஸ். பாலையாவின் நடிப்புலக வாழ்வு

சங்க அகப்பாடல்களை ஒருசேர நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். காதல் தலைவனுக்கும் தலைவிக்கும் உரியது. ஆயினும் அக்காதலைச் சொல்லி நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் பிறர் கையில் இருக்கிறது. தோழி இரக்கிறாள், இடித்துரைக்கிறாள், மறைக்கிறாள், தக்க வேளையில் வெளிப்படுத்துகிறாள். செவிலி சுரத்திடைத் தேடி அலைகிறாள். பாங்கன் தலைவனைக் கழறுகிறான். பாணன் தூது வந்து வாயிலில் நிற்கிறான். இவர்களையெல்லாம் நீக்கிவிட்டால் அகத்திணையில் எஞ்சும் பாடல்கள் சிலவே. தொல்காப்பியர் இவர்களைத் துணைமாந்தர் என ஒதுக்கிவிடவில்லை. இன்னார் இன்ன இடத்துப் பேசுவர் என்று அவர்தம் கூற்றுகளுக்கும் நூற்பா வகுத்தார்.

தமிழ்ப் பேசும் படங்களின் வரலாறு அவ்வாறு எழுதப்படவில்லை. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் 'காளிதாஸ்' வெளிவந்தது முதல் அவ்வரலாறு நாயகர்களின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. பாகவதர் காலம், சின்னப்பா காலம், எம்.ஜி.ஆர். – சிவாஜி காலம் என்று நாயகர் பெயரால் காலம் பகுப்பது வழக்காகிவிட்டது. இவற்றுள் ஒரு காலத்திற்கும் பெயர் தராதவர், ஆனால் பாகவதருக்கும் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் எதிரே நின்றும் அருகே நின்றும் நடித்தவர் டி. எஸ். பாலையா. 1936இல் தம் முதற்படத்தில் தோன்றி, 1972இல் மறையும் வரை முப்பத்தாறு ஆண்டுகள் அவர் திரையுலகில் இருந்தார். துணைப் பாத்திரம் ஏற்கும் நடிகர் ஒருவர் ஒரு கலையின் வளர்ச்சிக்கு என்ன செய்ய இயலும் என்னும் வினாவுக்கு அவருடைய வாழ்வு விடையாக அமைகிறது.

மேடை தந்த பயிற்சி

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தூத்துக்குடிப் பகுதியில் 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் பாலையா பிறந்தார். அவர் வளர்ந்த காலத்தில் தென்தமிழ்நாடு நாடகக் கம்பெனிகளின் நாடாக விளங்கியது. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தோற்றுவித்தார். அவர் 1922இல் மறைந்த பின்னரும், சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் அம்முறை பாய்ஸ் கம்பெனிகள் வாயிலாகத் தொடர்ந்தது. பின்னாளில் திரையில் ஒளிவீசிய ஆண் நடிகர்களுள் பெரும்பாலோர் இக்கம்பெனிகளில் சோறுண்டு, பாடம் கேட்டு, பிரம்படி பட்டு வளர்ந்தவர்களே. பாலையாவும் நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்.

அம்மேடையில் ஒவ்வொரு நடிகனுக்கும் ஓர் இடம் வகுக்கப்பட்டிருந்தது. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்பன அவ்விடங்களின் பெயர்கள். இராஜபார்ட்டுக்கு முதல் தகுதி குரல். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரருக்கும் எட்டும் உச்சக் குரலில் பாடவல்லவனே அரசனாக முடியும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் நேற்றைய இராஜபார்ட் இன்று வேறு வேடம் தேட வேண்டியதுதான். பாட்டால் ஆள முடியாதவன் பேச்சால் ஆள வேண்டும். பேச்சும் போதாதவிடத்து நடையாலும் பார்வையாலும் கையசைவாலும் ஆள வேண்டும். நாடக மேடையின் இக்கடுமையான நியதி பல திறமைகளை அழித்தது. சில திறமைகளை வேறு திசையில் திருப்பியும் விட்டது.

பாட்டுக் காலத்தில் உரைநடை

தொடக்ககாலப் பேசும் படம் பெயரளவில் பேசும் படமே அன்றி, உண்மையில் பாடும் படமாகவே இருந்தது. ஒரு படத்தில் நாற்பது, ஐம்பது பாடல்கள் இடம்பெறுவது இயல்பு. பின்னணிப் பாடும் முறை 1930களின் இறுதியில்தான் தமிழ்ப் படங்களுக்குள் நுழைந்தது. அதுவரை நடிகர் காமிராவின் முன் நின்று தாமே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர் காமிராவின் பார்வைக்கு எட்டாதவாறு அருகிலிருந்து வாசிக்க, பாட்டும் படமும் ஒருங்கே பதிவாகும். எனவே நாடக மேடையைப் போலவே திரையிலும் நாயகனைத் தேர்ந்தெடுத்தது அவன் குரலே. அவன் காதலையும் துயரையும் பக்தியையும் பாடியே வெளிப்படுத்தினான்.

ஆனால் சூழ்ச்சியைப் பாடிக்கொண்டிருக்க இயலாது. ஒருவனைக் கெடுக்க வருபவன் அவனிடம் பேச வேண்டும். குழைந்து பேச வேண்டும், நண்பனாகப் பேச வேண்டும், பேசிவிட்டு அவன் முகத்தைப் பார்த்துச் சற்றே காத்திருக்க வேண்டும். பாட்டு நாயகனுக்குரியதாக இருந்த காலத்தில், பேச்சு வில்லன் கையிலும் நகைச்சுவை நடிகர் கையிலும் வந்து சேர்ந்தது. தமிழ்த் திரையின் உரைநடை முதலில் பண்பட்டது நாயகர் வாயிலாக அன்று, இவர்கள் வாயிலாகவே எனலாம். அவ்வகையில் பாலையாவின் வருகை காலம் அறிந்த வருகையாயிற்று.

அவருடைய முதற்படம் 'சதி லீலாவதி' 1936இல் வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதையை அடிப்படையாகக் கொண்டது அது. அமெரிக்காவிலிருந்து முந்திய ஆண்டுதான் இந்தியா வந்திருந்த எல்லிஸ் ஆர். டங்கன் அதனை இயக்கினார். புராணக் கதைகளே மிகுந்திருந்த காலத்தில் குடியின் கேட்டைச் சொல்லும் சமூகக் கதையாக அப்படம் அமைந்தது. எம். கே. இராதா ஏற்ற கிருஷ்ணமூர்த்தி என்னும் செல்வனைக் குடிக்குப் பழக்கிச் சீரழிக்கும் இராமநாதன் என்னும் பாத்திரம் இருபத்தொரு அகவை இளைஞராகிய பாலையாவுக்குக் கிடைத்தது. கிருஷ்ணமூர்த்தி கொலை செய்துவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டக் கூலியாக உழலும் அளவுக்குக் கதையை நகர்த்தும் ஆற்றல் இராமநாதனின் வஞ்சகத்தில்தான் இருக்கிறது.

டங்கனுக்குத் தமிழ் தெரியாது. வசனத்தின் நயத்தை அவர் பிறர் சொல்லக் கேட்டே அறிய வேண்டியிருந்தது. ஆனால் முகமும் உடலும் சொல்வதை அறிய அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. மேடையில் தொலைவிலிருந்து பார்க்கப்பட்ட நடிகனை அருகிலிருந்து பார்க்கும் கருவி காமிரா. தொலைவிலிருந்த மக்களுக்காகப் பெரிதாக்கி நடித்தவர்கள் அக்கருவியின் முன் தடுமாறினார்கள். சிரிப்புக்கு இடையே ஒரு கணம் கண்ணில் தெரியும் கள்ளத்தைக் காட்டவல்லவர்க்கு அது வாய்ப்பாயிற்று.

உருத்திரசேனன்

அடுத்த ஆண்டு, 1937இல், டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி' வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதரின் புகழை நிலைநாட்டிய படங்களுள் அது ஒன்று. கம்பர் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் நிகழ்ந்ததாக வழங்கும் காதல் கதையைத் தமிழ்ப் புலவர் உலகம் நன்கு அறியும். நூறு பாடல்களைக் காமச்சுவை கலவாது பாட வேண்டும் என்னும் நிபந்தனையும், காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணியதால் விளைந்த கேடும் செவிவழிச் செய்தியாகப் பல தலைமுறை கண்டவை. செருகளத்தூர் சாமா கம்பராகத் தோன்றிய அப்படத்தில், அமராவதியை விரும்பும் படைத்தலைவன் உருத்திரசேனனாக நடித்தவர் பாலையா.

'மணிக்கொடி' எழுத்தாளர் வட்டத்தைச் சேர்ந்த இளங்கோவன் இப்படத்திற்கு உரையாடல் எழுதினார். தமிழ்ப் பட உரையாடலில் இலக்கிய மணம் கமழத் தொடங்கியதற்கு அவரையே முன்னோடியாகக் கொள்வர். நாயகனோ பாட்டின் மன்னன். அவனுக்குப் பாடல்கள் இருந்தன. இளங்கோவனின் உரைநடைக்குத் தக்க நாக்குகள் தேவைப்பட்டன. அத்தகைய நாக்குகளுள் ஒன்று பாலையாவுடையது. சொல்லை விழுங்காமலும், மேடைத் தோரணையில் நீட்டி முழக்காமலும் பொருளுக்கேற்ப நிறுத்திச் சொல்லும் முறை அவருக்குக் கைவந்திருந்தது.

மேலும் ஒன்று குறிப்பிடத்தக்கது. பாகவதரின் குரலுக்கு மக்கள் மயங்கிக் கிடந்த காலம் அது. அக்குரலுக்குத் தீங்கு நினைப்பவனை மக்கள் வெறுத்தே தீர வேண்டும். அவ்வெறுப்பை முழுமையாகப் பெற்றுக்கொள்வதே உருத்திரசேனனாக நடிப்பவரின் கடமை. தம் மீது சிறிதேனும் பரிவு விழட்டும் என்று அவர் தளர்த்தி நடித்திருந்தால், காதலர் துயரின் கூர்மை அந்த அளவுக்கு மழுங்கியிருக்கும். மக்களின் அன்பை விரும்புவது நடிகரின் இயல்பு. அதனைத் துறந்து வெறுப்பை ஊதியமாகப் பெறுவது ஒருவகைத் துறவே ஆகும்.

உடன் வந்தவர் உயர்ந்த காலை

'சதி லீலாவதி'யில் காவல் ஆய்வாளராகச் சிறு வேடம் ஏற்று அறிமுகமானவர் எம். ஜி. இராமச்சந்திரன். ஒரே படத்தில் இருவரும் திரைக்கு வந்தனர். அன்று பாலையாவின் பாத்திரமே பெரிது. பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 1947இல் ஏ. எஸ். ஏ. சாமி இயக்கத்தில் 'ராஜகுமாரி' வெளிவந்தபோது எம்.ஜி.ஆர். முதன்முறையாக நாயகனானார். பாலையா அதிலும் வில்லனே. 1948இல் வெளிவந்த 'மோகினி'யில் இருவரும் சேர்ந்து நடித்தனர். பின்னர் 1956இல் 'மதுரை வீரன்' வந்தபோது எம்.ஜி.ஆர். தமிழ் மக்களின் தலைவர்களுள் ஒருவராகும் நிலையை எட்டிக்கொண்டிருந்தார்; நரசப்பனாக வந்து அவருக்குக் கேடு சூழும் பணி மீண்டும் பாலையாவுக்கே.

நாயகராக நடிக்கும் வாய்ப்பும் இடையிடையே பாலையாவுக்கு வாய்த்ததுண்டு. அது நிலைக்கவில்லை. இதனைத் தோல்வியாகக் கருதுவார் கருதலாம். ஆனால் நாயகன் என்பவன் நாளடைவில் தன் உருவத்துக்கே சிறைப்பட்டுவிடுகிறான். அவன் கோழையாகக் கூடாது, ஏமாறக் கூடாது, மக்கள் நகைக்கும்படி விழக்கூடாது. துணை நடிகனுக்கு அத்தகைய விலங்கு இல்லை. அவன் அஞ்சலாம், அழலாம், பேராசைப்படலாம், மனைவிக்கு அடங்கலாம், பொய் சொல்லிப் பிடிபடலாம். மனிதன் என்னும் சொல்லுக்குள் அடங்கும் குறைகள் எல்லாம் அவன் உடைமை. மெய்ப்பாடு எட்டனுள் பெருமிதத்தையும் உவகையையும் நாயகர் எடுத்துக்கொண்டனர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், வெகுளி என்னும் ஏனைய ஆறிலும் பாலையா தம் விருப்பம்போல் உலவினார்.

பாங்கன் பேசுகிறான்

1949ஆம் ஆண்டு அவர் கலைவாழ்வில் ஒரு திருப்பம். அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' நாடகம் திரைப்படமாயிற்று. கே. ஆர். இராமசாமி ஆனந்தனாக நடித்தார். தந்தையின் சாவுக்குக் காரணமான செல்வரைப் பழிவாங்கத் துடிக்கும் ஆனந்தனைத் தடுத்து, வெட்டரிவாளைக் காட்டிலும் கூரியது அறிவு என்று உணர்த்தும் நண்பன் மணியின் வேடம் பாலையாவுக்குக் கிடைத்தது. அதுவரை நண்பனாக வந்து கெடுப்பதில் பெயர் பெற்றவர், இப்போது நண்பனாக வந்து திருத்தினார்.

அகத்திணைப் பாங்கனின் நேர்வாரிசு இந்த மணி. தலைவனின் உணர்ச்சியைத் தன் அறிவால் நெறிப்படுத்துவது பாங்கனின் தொழில். ஒரு புதிய அரசியல் சிந்தனை தமிழ்நாட்டில் கால்கொண்ட நாளில், அச்சிந்தனையின் சாரத்தை நாயகன் கேட்டுக்கொள்ளத் துணைப் பாத்திரம் எடுத்துரைத்தது. அவ்வறிவுரை திரையரங்கை விட்டு வெளியேறி மக்கள் நாவில் பழமொழியைப் போல் வழங்கலாயிற்று. எழுதியவர் பெருமை எழுதியவர்க்கு உரியது. ஆயினும் அதனை அறிவுரையின் கசப்புத் தோன்றாமல், தோள்மேல் கைபோட்ட நட்பின் உரிமையோடு சொன்ன பாங்கு பாலையாவுடையது.

இருப்பினும் திரையுலகம் அவரை நல்லவராகவே இருக்கவிடவில்லை. 1951இல் அண்ணாவின் கதையே ஆகிய 'ஓர் இரவு' அவரை மறுபடியும் எதிர்நிலையில் நிறுத்தியது. 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டுச் சேட்டாக வந்து, உடைந்த தமிழ் பேசி, கொடுமையையும் நகையையும் ஒரு பாத்திரத்திலேயே குழைத்துத் தந்தார். வில்லன் அஞ்சத்தக்கவனாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, நகைக்கத்தக்கவனாகவும் இருக்கலாம் என்பதை அவ்வேடம் காட்டியது. அவருடைய பிற்காலக் கலைக்கு வாயில் திறந்ததும் அதுவே.

1959இல் பீம்சிங் இயக்கிய 'பாகப்பிரிவினை' வெளிவந்தது. சிவாஜி கணேசன் கை ஊனமுற்ற கண்ணையனாக நடித்த படம். அண்ணன் தம்பியர் இருவருள் மூத்தவராகப் பாலையாவும் இளையவராக எஸ். வி. சுப்பையாவும் நடித்தனர். மனைவியின் சொல்லை மறுக்கவும் இயலாமல் தம்பியைப் பிரியவும் மனமில்லாமல் தவிக்கும் ஒருவர், வீட்டின் நடுவே சுவர் எழுவதைப் பார்த்து நிற்கிறார். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது; நல்லவர் என்று சொல்வதற்கும் துணிவு அவரிடம் இல்லை. ஊர்தோறும் உள்ள எளிய மனிதரின் நிலை அதுவே. கூட்டுக்குடும்பங்கள் சிதையத் தொடங்கிய காலத்தில் அம்முகத்தைப் பார்த்துத் தம் வீட்டுப் பெரியவரை நினைத்துக்கொண்ட தமிழர் பலர்.

கேட்கும் கலை

1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வண்ணப்படமாக வெளிவந்தபோது பாலையாவுக்கு அகவை ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. இரு பெண்களுக்கும் ஒரு மகனுக்கும் தந்தையாகிய தோட்ட முதலாளி விசுவநாதன் அவர் வேடம். செல்வர் வீட்டுச் சம்பந்தம் என்றதும் குழைவதும், ஏழை என்றறிந்ததும் சீறுவதுமாக அவர் பேதைமையே கதையை நடத்துகிறது. நகை பிறக்கும் களன்களுள் பேதைமையும் ஒன்றெனத் தொல்காப்பியர் வைத்ததற்கு இதனினும் தெளிந்த சான்று திரையில் அரிது.

அப்படத்தில் நாகேஷ் ஏற்ற செல்லப்பா, தான் எடுக்கவிருக்கும் திகில் படத்தின் கதையை ஓசைகளோடு நடித்துத் தந்தைக்குச் சொல்லும் காட்சி தமிழர் நினைவில் நிலைத்துவிட்டது. சித்ராலயா கோபுவின் உரையாடலும் நாகேஷின் குரல் வித்தையும் அக்காட்சியின் ஒரு பாதி. மறுபாதி கேட்பவரின் முகம். தொடக்கத்தில் அலட்சியமாக அமர்ந்திருக்கும் முதலாளி, சிறிது சிறிதாகக் கதைக்குள் இழுக்கப்படுகிறார். பணமும் அதிகாரமும் உள்ள பெரியவர் மெல்ல மறைந்து, பாட்டியிடம் பேய்க்கதை கேட்கும் சிறுவன் அங்கே தோன்றுகிறான். அஞ்சும் விசுவநாதனிடம் அச்சத்தின் மெய்ப்பாடுகள் எல்லாம் முறையாக வந்து சேர்கின்றன.

இக்காட்சியில் பேசும் வாய்ப்பு முழுவதும் இளைய நடிகருக்கே. முப்பதாண்டுக்கு அருகிய பட்டறிவுடைய மூத்தவர் தம் பங்குக்குச் சில சொற்களை இடையில் புகுத்தி மேலோங்க முயன்றிருக்கலாம். பாலையா அவ்வாறு செய்யவில்லை. கேட்பவர் அஞ்சினால்தான் சொல்பவன் வல்லவன் ஆவான் என்பதை அவர் அறிந்திருந்தார். கவியரங்குகளில் முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் சுவைஞர் ஒருவரின் தலையசைப்பு, மேடையில் நிற்கும் இளங்கவிஞனின் அடுத்த அடியை எவ்வாறு உயர்த்தும் என்பதைக் கவிஞர்கள் அறிவர். பாலையா அத்தலையசைப்பையே ஒரு நடிப்பாக ஆக்கினார்.

தோற்கும் கலை

மறு ஆண்டு, 1965இல், ஏ. பி. நாகராசன் இயக்கிய 'திருவிளையாடல்' வந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் கூறும் கதை அதில் ஒரு பகுதி. வரகுண பாண்டியன் அவைக்கு வடபுலத்திலிருந்து வந்த இசைவாணன் ஏமநாதன். அவனை வெல்ல எளிய பாணனாகிய பாணபத்திரர் இறைவனை வேண்ட, இறைவன் விறகு சுமந்து வந்து பாடுகிறான். டி. ஆர். மகாலிங்கம் பாணபத்திரராகவும், சிவாஜி விறகு வெட்டியாக வந்த இறைவனாகவும், பாலையா ஏமநாத பாகவதராகவும் நடித்தனர்.

ஏமநாதனை வெறும் ஆணவக்காரனாகக் காட்டுவது எளிது. அவ்வாறு காட்டினால் கதை கெடும். அரைகுறைப் பாடகன் ஒருவனை வெல்ல இறைவன் விறகு சுமக்க வேண்டுமா என்னும் ஐயம் எழும். ஏமநாதன் உண்மையில் மாபெரும் கலைஞனாக இருக்க வேண்டும். அவன் செருக்கு அவன் வித்தையின் அளவுக்கு ஒப்பாக இருக்க வேண்டும். அவையில் அவன் பாடும் இராகமாலிகையைக் கே. வி. மகாதேவன் இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடினார். தம் குரலில் தாமே பாட வேண்டிய காலத்தில் திரைக்கு வந்த பாலையா, இப்போது பிறர் குரலுக்கு உடல் கொடுத்தார். தாளம் காட்டும் விரல், சங்கதியைத் தொடரும் புருவம், சீடர்களைப் பார்க்கும் கடைக்கண், அவையை அளந்து நகைக்கும் இதழ் என அனைத்தும் அக்குரலுக்குப் பொருந்தின. அப்பாடலைக் கேட்கும்போதெல்லாம் பாலையாவின் முகம் தோன்றும் அளவுக்கு இருவர் கலையும் ஒன்றாயின.

ஆனால் அவருடைய உச்சம் அவை முன்னர் அன்று, இரவிலே நிகழ்கிறது. விறகு வெட்டியின் பாட்டு காற்றில் வருகிறது. பாணபத்திரரால் தகுதியற்றவன் என்று தள்ளப்பட்டவன் தான் என்று அவ்விறகு வெட்டி சொல்கிறான். தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்னும் எண்ணம் ஏமநாதனின் நெஞ்சில் இடியாய் இறங்குகிறது. இரவோடு இரவாக அவன் நகர் நீங்குகிறான். அவனை யாரும் அடிக்கவில்லை, பழிக்கவில்லை. நல்ல இசை எது என்று அறிந்திருந்த அவன் செவியே அவனைத் தோற்கடித்தது. கலை அறியாதவன் தோற்றிருக்க மாட்டான். தோற்றதை அறிந்திருக்கவும் மாட்டான். அந்தத் தோல்விக்குள் ஏமநாதனின் பெருமையும் அடங்கியிருப்பதைப் பாலையா தம் முகத்தில் காட்டினார். இறைவனின் வெற்றி அதனாலேயே திருவிளையாடலாக உயர்கிறது.

பக்கவாத்தியம்

1967இல் 'ஊட்டி வரை உறவு', 'பாமா விஜயம்' ஆகிய படங்களில் தந்தை வேடம் ஏற்ற பாலையா, 1968இல் 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில்காரர் முத்துராக்குவாக வந்தார். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய புகழ்பெற்ற தொடரே ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் படமாயிற்று. விகடன் தொடர் ஒன்றின் திரைவடிவத்தில் தொடங்கிய அவர் வாழ்வு, மற்றொரு விகடன் தொடரின் திரைவடிவத்தில் இவ்வாறு முதிர்ந்தது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியின் அமைதியை மட்டும் சொல்லி அமையவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் முறைப்பட வகுத்துரைக்கிறார். பிற கருவிகளின் குறையை நிரப்பியும் மிகையை அடக்கியும் செல்வது தண்ணுமையாசிரியனின் தகுதிகளுள் ஒன்று. முத்துராக்குவின் இயல்பும் அதுவே. சிக்கல் சண்முகசுந்தரத்தின் சினம் மிகும்போது அவர் அடக்குகிறார். காதலைச் சொல்லத் தயங்கும்போது அவர் நிரப்புகிறார்.

தவில் வாசிப்பவர் வலக்கை விரல்களில் கூடு மாட்டி ஒரு பக்கத்தையும், இடக்கையில் குச்சி பிடித்து மறுபக்கத்தையும் ஒலிப்பர். தோளும் கழுத்தும் அத்தாளத்தோடு இயங்கும். மதுரை எம். பி. என். சகோதரர்களின் நாகசுரம் ஒலிக்கச் சிவாஜி வாசிப்பவராகவே மாறியபோது, பக்கத்தில் அமர்ந்த பாலையாவும் தவில்காரராகவே தோன்றினார். நாயகன் ஓர் உருப்படியை முடித்து மூச்சு வாங்கும் கணத்தில், நன்று என்று கண்ணால் சொல்லும் பக்கவாத்தியக்காரரின் பார்வை அவரிடம் இருந்தது. இரயில் பயணக் காட்சியில் சண்முகசுந்தரமும் மோகனாவும் பார்வையால் பேச, பார்க்காதவர்போல் எல்லாவற்றையும் பார்த்திருக்கும் முத்துராக்குவின் குறும்பில் முப்பதாண்டு நடிப்பின் முதிர்ச்சி முழுவதும் அடங்கியிருந்தது.

மறைவும் எச்சமும்

1972ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் பாலையா மறைந்தார். ஐம்பத்தெட்டு அகவை நிறைவதற்கு ஒரு திங்கள் எஞ்சியிருந்தது. அவர் மகன் ஜூனியர் பாலையா என்னும் பெயரில் தந்தையின் வழியிலேயே துணைப் பாத்திரங்களில் நடித்து 2023இல் காலமானார்.

1930களில் வெளிவந்த தமிழ்ப் படங்களுள் பல இன்று படச்சுருளாகக்கூட எஞ்சவில்லை. நாயகர் பாடல்கள் இசைத்தட்டுகளில் தங்கின. பாட்டுப் புத்தகங்களில் அச்சாயின. பாடாத நடிகர்களின் உழைப்போ படச்சுருளோடு அழிந்தது. பாலையாவின் இளமைக்கால நடிப்பில் பெரும்பகுதி இவ்வாறு எட்டாமற்போனது தமிழ்க் கலை வரலாற்றின் பேரிழப்பு. பிற்கால வண்ணப்படங்கள் தப்பியதாலேயே விசுவநாதனும் ஏமநாதனும் முத்துராக்குவும் இன்றைய இளைஞர்க்கும் அறிமுகமாகியிருக்கின்றனர். அம்மூவரையும் கொண்டு முந்திய நடிப்பை ஊகித்தறிய வேண்டிய நிலையே இப்போது உள்ளது.

நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடி இறுதியில் தனிச்சொல் ஒன்று நிற்கும். பாடலின் கருத்து அதில் இல்லை. பாடலை மனப்பாடம் செய்தவர் அதனைத் தனியே நினைப்பதும் இல்லை. முன்னிரண்டு அடிகளின் எதுகையைத் தான் ஏற்று, பின்னிரண்டு அடிகள் எழுவதற்கு இடம் கொடுத்து அது நிற்கிறது. அச்சொல் பொருந்தவில்லையெனில் புலவன் எத்துணைப் பெரியவனாயினும் வெண்பா குறைபடும். தமிழ்த் திரை என்னும் பாட்டில் முப்பத்தாறு ஆண்டுகள் அத்தகைய தனிச்சொல்லாக நின்றவர் டி. எஸ். பாலையா.